அக்கா வீட்டுத் தண்ணீர்

நம் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய் ஒன்றும் குடிக்காமல் திரும்பி வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் தம்ளர் வந்துவிடும். காபி வேண்டாம் என்றால் மோர். மோரும் வேண்டாம் என்றால், "தண்ணியாவது குடிங்க" என்று முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். அதையும் தள்ளினால் திமிர் பிடித்தவள் என்ற பெயர் தெருக்கோடி வரைக்கும் போய்ச் சேரும். மயிலாப்பூர், மந்தைவெளி வட்டாரத்தில் அப்படித் தள்ளித் தள்ளியே ஒருத்தி காலம் ஓட்டினாள். அவள் பெயர் ஐரின். சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தாள்.

எழுபத்தேழாம் வருஷம் அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன. கால் வீங்கி, முகம் வீங்கி, மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டி, கடைசியில் கோபாலபுரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் போய் நின்றாள். அங்கே இருந்த டாக்டர் மாணிக்கவாசகம் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷின் என்று ஒன்று உண்டு, அது எல்லாருக்கும் கிடைக்கிற சமாசாரம் இல்லை, உங்களுக்கு உங்கள் வயிறே மெஷின் என்றார் அவர். கையோடு கொண்டுவந்திருந்த மெல்லிய குழாய்களில் ஒன்றை அவள் தொப்புளுக்குக் கீழே வைத்துத் தைத்தார்.

"டீச்சர், ஜாக்கெட்டுக்கு லைனிங் வைப்பீங்கல்ல?" என்று கேட்டார்.

"வைப்பேன் டாக்டர்."

"வயித்துக்குள்ளயும் ஆண்டவன் ஒரு லைனிங் வெச்சிருக்கான். மெல்லிசு சவ்வு. குழாய் வழியா மருந்துத் தண்ணியை உள்ளே விடுவோம். கொஞ்ச நேரம் நிக்கும். ரத்தத்துல இருக்கற அழுக்கும், உடம்புல தேங்கின தண்ணியும் அந்தச் சவ்வு வழியா கசிஞ்சு இதுல இறங்கும். அப்புறம் வெளியே எடுத்துடுவோம். மறுபடியும் புதுசு. அவ்வளவுதான் வைத்தியம்."

"எத்தனை நாளைக்கு?"

"அந்த லைனிங் நல்லா இருக்கற வரைக்கும்."

அதற்கு எதிரி இரண்டு பேர் என்று அவர் விளக்கினார். ஒன்று, கிருமி. குழாயைத் தொடுகிற கை சுத்தமில்லை என்றால் உள்ளே சீழ் பிடிக்கும். ஆறினாலும் தழும்பு விழும், ஒரு சவ்வோடு இன்னொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, சர்க்கரை. மருந்துத் தண்ணீரில் சர்க்கரை கலந்திருக்கும், அதுதான் உடம்பின் தண்ணீரை இழுக்கிறது. வெள்ளை மூடி பாட்டிலில் சர்க்கரை குறைவு. சிவப்பு மூடியில் அதிகம். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வீங்கி வந்தால் சிவப்பு மூடியைத்தான் மாட்ட வேண்டும். அது இழுக்கும், ஆனால் சவ்வைச் சுட்டுவிடும் என்பது அவருடைய சந்தேகம். "புத்தகத்துல இன்னும் தெளிவா எழுதலை. நான் பார்த்த வரைக்கும் சொல்றேன். சிவப்பு மூடி அதிகமா போனவங்களுக்குச் சவ்வு தடிச்சுப்போகுது. அப்புறம் எதை விட்டாலும் இழுக்கறதில்லை. கிழிஞ்ச லைனிங்கை நீங்க மாத்திடுவீங்க. இதுக்கு மாத்துத் துணி கிடையாது."

ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர் தண்ணீர்தான் கணக்கு. ரசம், காபி, மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள்ளே அடக்கம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கோபாலபுரம் போவாள். ஞாயிற்றுக்கிழமை காலைதான் வெளியே வருவாள். கீழ்வீட்டுக்காரர்களிடம், ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவைத்திருந்தாள். பொய் இல்லை. நோயாளி யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பரிவோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பரிவுக்குப் பயந்துகொண்டு குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, அதன்மேல் பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சங்கிலித் தையல் சொல்லிக்கொடுத்தாள்.

அக்டோபர் மாதம் வந்தது. ஜெபமாலை மாதம். மாதா சுரூபத்தைத் தினம் ஒரு வீட்டுக்கு எடுத்துப்போய், கோயில் பங்கு ஜனங்கள் கூடி ஜெபமாலை சொல்வார்கள். முடிந்ததும் சுண்டல், காபி. முதல் வாரம் ஐரின் மறுத்துப் பார்த்தாள். டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார் என்று சொன்னாள். நம் ஜனங்களுக்கு டாக்டர் பேச்சு ஒரு பேச்சா? ஞானதாஸ் வாத்தியார் வீட்டு அம்மாள் அவள் கையைப் பிடித்துத் தம்ளரைத் திணித்தாள்.

"எந்த டாக்டர்? அவங்க சொல்றதையெல்லாம் கேட்டா வாழ முடியுமா? ஒரு வாய் காபில என்ன ஆயிடப்போவுது. குடி ஐரின்."

குடித்தாள். மறுநாள் வேறு வீடு, வேறு ஒரு வாய். வெள்ளிக்கிழமை எடைமேடையில் ஏறினால் முள் எகிறிப்போய் நின்றது. கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. நர்ஸ் இசக்கியம்மாள் எடையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிற ரகம்.

"எங்க போயி என்னத்தக் குடிச்சிய டீச்சர்? இப்பிடி வந்தா நான் செவப்பு மூடியத்தான மாட்டணும். வேகுதது ஒங்க வயிறுதான, எனக்கு இல்லையே."

சிவப்பு மூடி உள்ளே இறங்கியபோது அடிவயிறு மிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்தது. ஐரின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள்.

திங்கட்கிழமை ஜெபமாலை முடிந்து தம்ளர் நீண்டபோது அவள் கையைக் கூப்பினாள். "மாதாவுக்கு ஒரு நேர்ச்சை. யார் வீட்டுலயும் ஒண்ணும் வாயில வைக்கறதில்லைன்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

நீண்ட தம்ளர் அப்படியே பின்னால் போயிற்று. என்ன ஏது என்று ஒரு கேள்வி இல்லை. அந்த வீட்டு அம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். டாக்டரால் ஆகாதது ஒரு நேர்ச்சையால் ஆயிற்று. ஐரினுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சுலபமான பொய்யை இத்தனை நாள் சொல்லாமல் போனோமே என்று நினைத்தாள்.

அது பங்கு முழுக்கப் பரவியது. ஐரின் டீச்சர் கடும் ஒருசந்தி விரதம் காக்கிறாளாம், எதற்கென்று சொல்லமாட்டாளாம் என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளைக்குப் பரீட்சை, மாப்பிள்ளைக்கு வேலை என்று அவளிடம் ஜெபம் கேட்டுக்கூட வந்தார்கள். எடை இறங்கியது. வெள்ளை மூடியே போதுமானதாக இருந்தது. டாக்டருக்குச் சந்தோஷம்.

ஆனால் ஒன்று நடந்தது. மெதுவாக அவளை யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வெறுப்பினால் இல்லை, மரியாதையினால்தான். ஒன்றும் தொடாதவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் முன்னால் எப்படிச் சாப்பிடுவது? பள்ளிக்கூடத்தில் டீ வரும் நேரத்துக்கு மற்ற டீச்சர்களே பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அவளும் எழுந்து தையல் அறைக்குப் போய்விடுவாள். பெயர்சூட்டு விழாவுக்கு, பிறந்தநாளுக்கு, புதுவீட்டு மந்திரிப்புக்கு எல்லாம், "உங்களுக்கு எதுக்கு டீச்சர் சிரமம், ஜெபத்துல நினைச்சுக்கோங்க" என்று வாசலோடு சொல்லிவிட்டுப் போனார்கள்.

தாகத்தைத் தாங்க அவள் கற்றுக்கொண்டாள். எலுமிச்சைத் துண்டைச் சப்புவாள், ஈரத் துணியால் உதட்டைத் துடைப்பாள். அதெல்லாம் பழகிவிட்டது. குடி குடி என்று வற்புறுத்த ஆள் இல்லாமல் போனது பழகவில்லை. சாயந்தரம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, கீழ்வீட்டில் விருந்தாளிக்குப் பாத்திரம் உருளுகிற சத்தத்தைக் கேட்பாள். அவளுக்கு மனிதர்கள் வேண்டியிருந்தது. அதை யாரிடம் சொல்வது?

கிறிஸ்மஸுக்கு முன்னால், டாக்டர் சொன்ன முதல் எதிரியும் வந்துவிட்டான். குளித்த ஈரக் கையோடு பிளாஸ்திரியைச் சரிசெய்தாள், அவ்வளவுதான் அவள் செய்தது. இரண்டு நாளில் குளிர் ஜுரம், வயிறு தொடமுடியாத வலி. வெளியே வந்த தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராக இருந்தது. மருந்து கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். ஆனால் அதற்கப்புறம் முன்னைப்போலச் சவ்வு வேலை செய்யவில்லை. விட்ட தண்ணீர் திரும்பி வர நேரம் எடுத்தது. இழுப்பும் குறைந்தது.

"ஒரு மூலையில தழும்பு கட்டியிருக்கும்னு நினைக்கிறேன்" என்றார் டாக்டர். "மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தணும். இனிமே சிவப்பு மூடியை மறந்துடுங்க. மாட்டினா அன்னைக்குத் தப்பிப்பீங்க, அடுத்த வருஷம் தாண்டமாட்டீங்க."

இந்த இடத்தில் பியாட்ரிஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐரினின் கூடப் பிறந்த ஒரே அக்கா. அடையாறில் வீடு. புருஷன் ஆம்ப்ரோஸ் துறைமுகத்தில் வேலை. ஒரே மகள் ஸ்டெல்லா. அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தாயாக நின்றவள் ஐரின்தான். அப்படி இருந்தும் அக்காவும் தங்கையும் பத்து வருஷமாகப் பேச்சு இல்லை. அம்மா செத்ததும் அம்மாவின் தையல் மெஷினைப் பியாட்ரிஸ் எடுத்துப் போய்விட்டாள். பெண் பிள்ளை இருக்கிறது, உதவும் என்றாள். தையல் டீச்சர் நான் இருக்கும்போது உனக்கு எதற்கு என்றாள் ஐரின். பேச்சு முற்றி, அக்கா வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, "இனிமே உன் வீட்டுல பச்சத் தண்ணிகூட என் பல்லுல படாது" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். நம்மவர்களுக்குள் இந்த வார்த்தை விழுந்தால் விழுந்ததுதான். சொன்னவள் வந்து அதே வீட்டில் ஒரு வாய் குடித்தால்தான் பகை தீர்ந்ததாகக் கணக்கு. மன்னிப்பு, கண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகு.

எழுபத்தெட்டு மே மாதம், கத்திரி வெயிலில், ஆம்ப்ரோஸ் மாடி ஏறி வந்தார். ஐரின் பதறிப்போய் நாற்காலி போட்டு, ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். அவர் அண்ணாந்து முழுவதையும் குடித்து முடிக்கிற வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லாவுக்கு இடம் அமைஞ்சிடுச்சு ஐரின். வர்ற வியாழக்கிழமை சாயந்தரம் வீட்டுலயே நிச்சயதார்த்தம். பியாட்ரிஸ் தானே வர்றேன்னு கிளம்பினா. அப்புறம், நீ கதவைச் சாத்திட்டா தாங்கமாட்டேன்னு என்னை அனுப்பிட்டா."

"அக்கா என்ன சொன்னா?"

"நீ வந்து நம்ம வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சா போதுமாம். அன்னைக்குச் சொன்னது எல்லாம் அதோட போச்சாம்."

ஐரின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து வருஷமாக அவள் காத்துக்கொண்டிருந்த வார்த்தை இது. காத்துக்கொண்டிருந்தோம் என்பதே அது காதில் விழுந்தபோதுதான் தெரிந்தது.

போகும்போது ஆம்ப்ரோஸ் படியில் நின்று குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளையோட அம்மா கொஞ்சம் ஒரு மாதிரி. குடும்பத்துல யாருக்காவது வலிப்பு உண்டா, கிட்னி உண்டா, சர்க்கரை உண்டான்னு துருவித் துருவிக் கேக்கறாங்க. நல்லவேளை, நம்ம பக்கம் ஒண்ணும் இல்லை."

ஐரின் அடிவயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லை மாமா" என்றாள்.

டாக்டரிடம் கேட்டாள். அக்கா வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கலாமா? வியாழக்கிழமை என்றதும் அவர் யோசித்தார். வாரத்தின் கடைசி நாள். உடம்பில் தேங்குவதெல்லாம் தேங்கி, வெள்ளிக்கிழமை எடைக்கு நிற்கிற நேரம். மீறிப்போனால் சிவப்பு மூடிதான் வழி, அதைத்தான் அவர் மாட்டமாட்டார்.

"உங்க அளவுக்குள்ள இருந்தா தாராளமா குடிங்க. அது அக்கா வீட்டுத் தண்ணியா உங்க வீட்டுத் தண்ணியான்னு சவ்வுக்குத் தெரியாது."

இசக்கியம்மாள் குழாயில் கட்டுப் போட்டுக்கொண்டே, "நல்லாக் குடிச்சிட்டு வாங்க டீச்சர். வயிறு குளிரக் குடிங்க. மத்ததை அன்னைக்குக் கொறச்சிக்கிடுங்க" என்றாள். உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் இந்தக் கதை முழுவதும் தெரியும்.

ஐரின் நகை சேர்க்கிற மாதிரி தாகத்தைச் சேர்த்தாள். புதன்கிழமையே காபியை விட்டுவிட்டாள். வியாழன் காலையில் மாத்திரையை நாக்கில் வைத்து எச்சிலோடு விழுங்கினாள், அது பாதி வழியில் ஒட்டிக்கொண்டு கசந்தது. மத்தியானம் வெறும் சோற்றில் கொஞ்சம் பருப்பு. வெயில் ஓட்டில் காய்ந்தது. நாக்கு தடித்து மேலண்ணத்தோடு ஒட்டியது. பரவாயில்லை, சாயந்தரம் ஒரு தம்ளர் முழுக்க இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சின்னப் பிள்ளை பண்டிகைக்குக் காத்திருப்பதுபோல அந்த ஒரு தம்ளருக்குக் காத்திருந்தாள். அக்கா எந்தத் தம்ளரில் கொடுப்பாள் என்றுகூட யோசித்தாள்.

ஸ்டெல்லாவுக்காக ஒரு வெள்ளை முக்காட்டில் ஓரம் முழுக்கப் பூ வேலை செய்துவைத்திருந்தாள். மெஷின் இல்லாததால் எல்லாம் கைத்தையல். அதை மடித்து எடுத்துக்கொண்டு, தெருமுனையில் வண்டி போடுகிற வைரவனின் ரிக்‌ஷாவில் ஏறினாள்.

அடையாறு பாலத்தில் வெயிலை எதிர்த்து மிதித்துக்கொண்டே வைரவன் திரும்பிப் பார்த்தான். "இன்னா டீச்சர், மொகம் இப்டி வாடிக்கினு கீது? ஒரு சோடா வாங்கியாரட்டா?" உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "அட, மறந்தே பூட்டேன். நேர்ச்சையில்ல."

ரிக்‌ஷாக்காரன் வரைக்கும் போயிருக்கிறதே என்று அப்போதுகூட அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பியாட்ரிஸ் வாசலிலேயே நின்றிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. ஐரின் இறங்கியதும் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு கையையும் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஐரின் நின்று கத்திய அதே கூடம். மூலையில் அம்மாவின் தையல் மெஷின் இருந்தது. பூப்போட்ட துணி போட்டு மூடி, அதன்மேல் மண்கூஜா வைத்திருந்தார்கள். கூஜாவின் கழுத்தில் ஈரத் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் கவிழ்த்துவைத்த தம்ளர்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மோதிரம் மந்திரித்தார். ஸ்டெல்லா முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்து சித்தியின் காலைத் தொட்டாள். ஐரினுக்கு எல்லாம் நிறைவாக இருந்தது. தொண்டை மட்டும் காகிதமாக இருந்தது.

பிறகு தட்டில் கலர் வந்தது. ஆரஞ்சு, திராட்சை, கண்ணாடித் தம்ளரில் ஐஸ் மிதக்க. பக்கத்துவீட்டுப் பெண் ஒருத்தி வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். ஐரினிடம் வந்ததும் ஒரு புன்னகை செய்துவிட்டு, அவளைத் தாண்டி அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். மறந்திருப்பாள் என்று நினைத்தாள் ஐரின். எனக்குக் கலர் வேண்டாம், அக்கா கையால் கூஜாத் தண்ணீர்தானே வேண்டும் என்று சமாதானம் செய்துகொண்டாள். அடுத்து கேக்கும் மிக்சரும் வந்தன. அதுவும் தாண்டிப் போயிற்று. அதற்கடுத்து காபி வந்தது. அதன் வாசனை மட்டும் அவளிடம் நின்றது.

பியாட்ரிஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"ஐரின், எனக்கு எல்லாம் தெரியும்டி."

ஐரினின் கை தானாக அடிவயிற்றுக்குப் போயிற்று.

"ஞானதாஸ் வாத்தியார் வீட்டுக்குச் சொல்லப் போனப்ப அந்த அம்மா சொன்னாங்க. உன் நேர்ச்சையைப் பத்தி. யார் வீட்டுலயும் பச்சத் தண்ணி தொடறதில்லையாமே. எனக்கு வெக்கமா போயிடுச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சாதான் ஆச்சுன்னு உன்கிட்ட சொல்லியனுப்பிட்டேன் பாரு." அவள் ஐரினின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அதெல்லாம் வேணாம். நீ வந்ததே போதும். யாரும் உனக்கு ஒண்ணும் நீட்டக்கூடாதுன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மாதாவுக்குக் கொடுத்த வாக்கை என் பிடிவாதத்துக்காக நான் கெடுக்கமாட்டேன்."

"அக்கா," என்றாள் ஐரின். "அக்கா, உன் வீட்டுல குடிச்சா நேர்ச்சை ஒண்ணும்..."

பக்கத்து நாற்காலியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா இந்தப் பக்கம் சாய்ந்தாள். காது முழுவதும் இங்கேதான் இருந்திருக்கிறது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு விரதமா? கேட்டதுமே எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. இப்படிப்பட்ட குடும்பத்துல பொண்ணு எடுக்க நாங்க கொடுத்து வெச்சிருக்கணும். உடம்புக்கு ஒண்ணும் பண்ணலையாம்மா உங்களுக்கு?"

ஐரின் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்பால் ஸ்டெல்லா, மோதிரத்தை விரலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் பண்ணலைங்க," என்றாள் ஐரின்.

"எப்ப முடியும்டி நேர்ச்சை?" என்று பியாட்ரிஸ் கேட்டாள். "முடிஞ்ச அன்னைக்கு நேரா இங்க வா. நானே என் கையால கொடுக்கறேன்."

இதற்கு ஒரு தேதி சொல்லியிருக்கலாம். ஸ்டெல்லா கல்யாணத்துக்கு அடுத்த நாள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் இன்னும் சாய்ந்தபடியே இருந்தாள், ஐரினுக்கு நாக்கும் புரளவில்லை, மூளையும் ஓடவில்லை. வாயில் வந்தது உண்மைதான்.

"உயிரோட இருக்கற வரைக்கும்க்கா."

மாப்பிள்ளையின் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்போ எங்க வீட்டுத் தண்ணி உனக்குக் கிடையவே கிடையாதா?" என்று பியாட்ரிஸ் கேட்டுவிட்டு, தானே சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி விடு. அந்த மெஷினை எடுத்துட்டுப் போ. உன்னோடதுதான் அது. நான் அன்னைக்குப் பண்ணது தப்பு. அவர் வண்டி வெச்சுக் கொண்டுவந்து போட்டுடுவார்."

பத்து வருஷச் சண்டைக்குக் காரணமான மெஷின். ஐரின் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு மெஷின் தெரியவில்லை, அதன்மேல் இருந்த கூஜாதான் தெரிந்தது. அதன் அடியில் நீர் கசிந்து, பூப்போட்ட துணியில் வட்டமாக நனைந்திருந்தது.

திரும்பி வருகிற வழியில் அழவேண்டும்போல இருந்தது. அழுகிறதற்கும் உடம்பில் கொஞ்சம் ஈரம் வேண்டியிருக்கிறது. அக்கா மன்னித்துவிட்டாள், மெஷினைக்கூடக் கொடுத்துவிட்டாள், யாரும் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. பேசத் தெரிந்தவள் போல ஒரு பொய்யைச் சொல்லி, அதை ஊரே ஜாக்கிரதையாகக் காப்பாற்றும்படி செய்துவிட்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. பாலத்தில் காற்று அடித்தது. வைரவன் ஒன்றும் பேசாமல் மிதித்தான். நேர்ச்சைக்காரி ஜெபம் செய்கிறாள் என்று நினைத்திருப்பான்.

வீட்டுக்கு வந்து, அன்றைக்கென்று மிச்சம் பிடித்த தம்ளரை நிரப்பி எடுத்தாள். உதடு வரைக்கும் கொண்டுபோனாள். இதைக் குடித்தால் டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டார், அவளுடைய பங்குதான் இது. ஆனால் இது அக்கா வீட்டுத் தம்ளர். நேற்று முதல் அப்படித்தான் அதை அவள் சேர்த்துவைத்தாள். இங்கே தனியாக நின்று குடித்தால் அது அத்தோடு தீர்ந்துபோகும். சவ்வுக்கு வித்தியாசம் தெரியாதுதான். அவளுக்குத் தெரிந்தது. தண்ணீரைத் திரும்பப் பானையிலேயே ஊற்றிவிட்டு, ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இசக்கியம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்ன டீச்சர், நிச்சயம் நல்லா நடந்துச்சா? அக்கா வீட்டுல தண்ணி குடிச்சியளா?"

"குடிச்சேன்" என்றாள் ஐரின். "அக்கா கையாலேயே. வயிறு குளிர."

சொல்லிக்கொண்டே எடைமேடையில் ஏறினாள். இசக்கியம்மாள் குனிந்து முள்ளைப் பார்த்தாள். முள் எந்த வாரமும் இல்லாத இடத்தில், கீழே போய் நின்றது. அவள் ஒருமுறை முள்ளைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு ஐரினின் வெடித்த உதட்டைப் பார்த்தாள். வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போய்க் கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து, வெள்ளை மூடியை மாட்டினாள்.

டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். இறங்கி வந்த தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தெளிவாக இருந்தது. "பிரமாதம். சவ்வு நல்லா வேலை செய்யுது டீச்சர். இப்படியே இருங்க, இன்னும் பல வருஷத்துக்குக் காப்பாத்திடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு இசக்கியம்மாள் ஒரு தம்ளரில் தண்ணீரோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முக்கால் தம்ளர், பானைத் தண்ணீர், வெளிப்புறம் வேர்த்திருந்தது.

"ஒங்க கணக்குல நெறைய பாக்கி கெடக்கு. இதக் குடிங்க."

ஐரின் அந்தத் தம்ளரைப் பார்த்தாள். ஏழெட்டு மாதத்தில் அவளுக்கு நேராக நீண்ட முதல் தம்ளர் அது. அவள் கையைக் கூப்பினாள்.

"வேண்டாம் இசக்கி. நேர்ச்சை."

இசக்கியம்மாள் சிரித்துவிட்டாள். "யார்ட்ட சொல்லுதிய? எங்கிட்டயா?" என்றாள். ஐரின் சிரிக்கவில்லை, இந்தமுறை அது பொய் இல்லை. கூப்பிய கையை இறக்கவும் இல்லை. இசக்கியம்மாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பாட்டிலை எடுக்கப் போனாள்.